பார்க்கா: ஒரு குளிரங்கியின் பெயரும் நம் பிள்ளைகளின் தமிழும்

சென்ற பனிக்காலத்தில் நம் பள்ளியில் நடைபெற்ற சொல்லறிவுப் போட்டியில் நடுவர்களுள் ஒருவனாக அமரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. படத்தைக் காட்டிப் பெயர் கேட்கும் சுற்று அது. குடை, கையுறை, கதிரை என ஒவ்வொன்றாகக் காட்டி வந்தோம். இறுதியாக, தலையை மூடும் முக்காடும் அதன் விளிம்பில் மென்மயிரும் கொண்ட தடித்த குளிரங்கி ஒன்றின் படத்தைக் காட்டினோம். நாங்கள் விடைத்தாளில் எழுதி வைத்திருந்த சொல் 'முக்காட்டு மேலங்கி' என்பதாகும். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி சற்றும் தயங்காமல், "பார்க்கா" என்றாள்.

"அது ஆங்கிலச் சொல், தமிழில் சொல்ல வேண்டும்" என்று கூறி, அவளுக்குரிய புள்ளியை மறுத்தேன். அவளோ என்னை விடுவதாக இல்லை. "இங்கிலாந்தில் இவ்வளவு குளிருமா, ஐயா?" என்று கேட்டாள். அவையோர் சிரித்தனர். நானும் சிரித்து அடுத்த படத்துக்குச் சென்றேன்.

ஆயினும் அன்று மாலை வாகனத்தின் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டு நின்றபொழுது அக்கேள்வி மீண்டும் நினைவுக்கு வந்தது. மழையும் மூடுபனியுமே மிகுந்த தீவு நாட்டார் இத்தகைய ஓர் உடுப்பைத் தாமே உருவாக்கிப் பெயரும் இட்டிருப்பரா? வீடு திரும்பியதும் அகராதிகளைப் புரட்டினேன். எனது தீர்ப்புப் பிழையானது என்பது சில நிமிடங்களிலேயே தெளிவாயிற்று. அப்பிழையை ஒப்புக்கொள்வதும், அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதைப் பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப் பார்க்குமாறு முன்வைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் நடந்து வந்த வழி

பார்க்கா என்னும் சொல்லின் பிறப்பிடம் இலண்டனும் அன்று, நாம் வாழும் ரொறன்ரோவும் அன்று. சைபீரியாவின் வடமேற்கே, ஆர்க்டிக் கடலோரத்தில், யமால் தீபகற்பத்தையும் அதன் அயலையும் தாயகமாகக் கொண்டு துருவமான்களை மேய்த்து வாழும் மக்கள் நெனெட்சு இனத்தவர். அவர்களுடைய மொழி, பின்லாந்து மொழிக்கும் ஹங்கேரிய மொழிக்கும் தொலைவுறவான யூராலிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. விலங்கின் தோலையும் அத்தோலால் ஆன மேலுடையையும் குறிக்கும் இச்சொல் அம்மக்களிடமிருந்தே உருசியர்களுக்குக் கிடைத்தது.

உருசியர் மென்மயிர்த் தோல்களைத் தேடிக் கிழக்கு நோக்கிச் சென்றனர். விற்றஸ் பேரிங் என்பவரின் தலைமையிற் சென்ற கப்பல்கள் 1741ஆம் ஆண்டு அலாஸ்காவின் கரையைக் கண்டன. அவரைப் பின்தொடர்ந்து சென்ற வணிகர்கள் அலூசியத் தீவுகளில் அலியூட் மக்களைச் சந்தித்தனர். கடற்பறவைகளின் தோல்களை இணைத்துத் தைத்த நீண்ட உடுப்புகளை அம்மக்கள் அணிந்திருந்தனர். உருசியர் தாம் சைபீரியாவிற் கற்ற பெயரையே அவற்றுக்கும் இட்டனர். நெனெட்சு மொழிச் சொல் இவ்வாறு உருசியர் வாய்வழியாக அலியூட் மொழியிலும் குடிபுகுந்தது. 1867இல் உருசியா அலாஸ்காவை 72 இலட்சம் டொலருக்கு அமெரிக்காவுக்கு விற்றது. நிலம் கைமாறியபோது அந்நிலத்தில் வழங்கிய பல சொற்களும் ஆங்கிலத்தாரின் பழக்கத்துக்கு வந்தன. இன்று கடைகளில் தொங்கும் குளிரங்கிகளில் எழுதப்பட்டிருக்கும் பெயர், இவ்வாறு பாதி உலகை நடந்தே கடந்து வந்த பெயராகும்.

இதனை ஒத்த மற்றொரு சொல் 'அனோராக்' என்பது. இது கிரீன்லாந்து மக்களின் கலாலிசுட் மொழிச் சொல். தேனியர் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தை அடைந்தது. நோர்வேயில் வாழும் நம் உறவினர்களின் பிள்ளைகள் நாள்தோறும் வழங்கும் சொல்லும் இதுவே. பிரித்தானியாவில் இச்சொல்லுக்கு ஒரு விந்தையான கதி நேர்ந்தது. மழையிலும் குளிரிலும் அனோராக் அணிந்து தொடருந்து நிலையங்களில் நின்று வண்டிகளின் எண்களைக் குறித்துக்கொள்ளும் பொழுதுபோக்குடையோரை நகையாடும் பெயராக, 1980களில் அது மாறிவிட்டது. பனிக்கடலில் உயிரைக் காத்த உடுப்பின் பெயர், வேறொரு நாட்டில் கேலிச் சொல்லாயிற்று. சொல்லைப் பெற்றவர்கள் அதனைத் தந்தவர்களை மறந்துவிட்டால் இவ்வாறுதான் நேரும்.

உடுப்பில் உறையும் அறிவு

பெயரை மட்டும் அறிந்தாற் போதாது. அப்பெயருக்குரிய பொருளைச் செய்தவர்களின் நுண்ணறிவையும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். நம் நாட்டின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்களின் குளிரங்கியை எடுத்துக்கொள்வோம். கரிபூ எனப்படும் துருவமானின் மயிர் உள்ளே வெறுமையான குழல் போன்றது. அக்குழலில் அடைபட்ட காற்று உடலின் வெப்பத்தை வெளியே விடுவதில்லை. அம்மக்கள் மயிர்ப்பக்கம் உடலை நோக்கியதாக ஓர் அங்கியும், மயிர்ப்பக்கம் வெளியே இருக்குமாறு அதன்மேல் மற்றோர் அங்கியும் அணிந்தனர். உள்ளங்கிக்கு 'அட்டிகி' என்று பெயர்.

மரபுவழி அங்கிக்கு முன்புறத் திறப்புக் கிடையாது. தலைவழியாகவே அணிய வேண்டும். காற்று நுழைவதற்கு வழி வைக்கலாகாது என்பதே காரணம். அதே வேளையில், வியர்வை உறைந்தால் உயிருக்கே கேடு விளையும். ஆகவே அங்கி உடலை இறுக்காமல் தளர்வாகத் தொங்கும். வேலை செய்து உடல் சூடேறும்போது முக்காட்டைப் பின்னே தள்ளினால் மிகுந்த வெப்பம் கழுத்துவழியே வெளியேறிவிடும். தைப்பதற்கு விலங்கின் தசைநாரையே நூலாகக் கொண்டனர். அந்நார் ஈரம்பட்டவுடன் பருத்து ஊசித்துளையை அடைத்துவிடும். முக்காட்டின் விளிம்பில் வுல்வரின் என்னும் விலங்கின் மயிரை வைத்துத் தைப்பர். மூச்சுக்காற்றின் ஈரம் அதன்மேல் உறைந்தாலும் கையால் தட்டியவுடன் உதிர்ந்துவிடும். இன்று நம் பிள்ளைகளின் குளிரங்கிகளில் வெறும் அழகுக்கென ஒட்டப்பட்டிருக்கும் செயற்கை மயிர் அந்த அறிவின் நிழல்தான்.

அன்னையர் அணியும் அங்கிக்கு 'அமௌட்டி' என்று பெயர். முதுகுப்புறத்தில் குழந்தையை வைத்துக்கொள்ளும் பை அதிலேயே அமைந்திருக்கும். முக்காடு தாய்க்கும் சேய்க்கும் சேர்த்துப் போதுமான அளவு பெரிதாக இருக்கும். தாயின் உடற்சூடே குழந்தைக்குக் கணப்பு. தொட்டிலும் போர்வையும் உடுப்பும் ஒன்றாகிய இத்தகைய அமைப்பை எண்ணுந்தோறும் வியப்பே மேலிடுகின்றது.

இவ்வறிவுக்கு உரியவர்களைக் கேளாமலே அதனை எடுத்தாண்டோரும் உளர். 2015ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஆடை நிறுவனமொன்று, இனுயிட் சமயகுரு ஒருவர் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர் தமக்கெனச் செய்வித்த பார்க்காவின் உருவமைப்பை அப்படியே படியெடுத்து விற்பனைக்கு வைத்தது. அவருடைய வழித்தோன்றல்கள் எதிர்ப்புத் தெரிவித்த பின்னரே அந்நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அவ்வுடுப்பைக் கடைகளிலிருந்து நீக்கியது. உருவத்தை எடுத்தவர் உரியவரிடம் கேட்டிருக்க வேண்டுமெனின், சொல்லை எடுத்தவரும் உரியவரை நினைத்தல் வேண்டுமன்றோ?

கட்டுமரத்துக்கு ஒரு நீதி, பார்க்காவுக்கு ஒரு நீதியா?

நம் மேடைகளில் நாம் பெருமையுடன் எடுத்துரைக்கும் செய்தியொன்று உண்டு. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகிய தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்திற் கலந்துள்ளன என்பதே அது. கட்டுமரம் என்னும் சொல் கடல் கடந்தபோது அதன் பொருளும் மாறியது. மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய நம் மீனவரின் மிதவை, மேலைநாட்டில் இரட்டை உடல் கொண்ட விரைவுப் படகாயிற்று. ஆயினும் அதன் வேர் தமிழ் என்று ஆங்கில அகராதிகள் எழுதுகின்றன. அதைக் காணும்போதெல்லாம் நம் நெஞ்சு நிமிர்கின்றது. எவரேனும் ஓர் ஆசிரியர் நம் பிள்ளையிடம் "அது பிரெஞ்சுச் சொல்" என்று கூறிவிட்டால் நாம் வாளா இருப்போமா? நான் அன்று மேடையில் நெனெட்சு மக்களுக்குச் செய்தது அதைத்தான்.

இங்கு மற்றொரு பிழையையும் சுட்டுதல் என் கடமை. இந்நிகழ்ச்சியை நண்பர் ஒருவரிடம் கூறியபோது, "பார்க்கா என்பது போர்க்க என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபே" என்று உடனே தீர்ப்பளித்தார். அட்டிகி என்னும் சொல்லைக் கேட்டதும், அது அட்டிகையாக இருக்கலாமே என்றார். அவரது தமிழ்ப் பற்றை மதிக்கிறேன், முடிவை ஏற்க இயலவில்லை. ஒலி ஒத்திருப்பதனாலேயே இரு சொற்கள் உறவாகிவிடுவதில்லை. அச்சொல் யாரால், எவ்வழியாக, எந்தக் காலத்தில் கொண்டு செல்லப்பட்டது என்ற வரலாறும் சேர்ந்து நின்றாலன்றி உறவு நிலைநாட்டப்படுவதில்லை. உலகத்துச் சொற்கள் அனைத்தையும் நமதென்று உரிமை கொண்டாடினால், உண்மையாகவே நமதான கட்டுமரத்தையும் உலகம் நம்ப மறுக்கும்.

சொல் வாழ்ந்தும் மொழி தளரலாம்

இனி, எனது நெஞ்சை வருத்திய செய்திக்கு வருகின்றேன். பார்க்காவும் அனோராக்கும் உலகெங்கும் வழங்குகின்றன. ஆனால் இச்சொற்களையும் உடுப்புகளையும் தந்த வடபுல மக்களின் மொழிகள் எல்லாம் அதே அளவு செழித்திருக்கின்றனவா? நெனெட்சு மக்களின் பிள்ளைகள் சோவியத் ஆட்சிக் காலத்திலேயே பெற்றோரைப் பிரிந்து விடுதிப் பள்ளிகளில் தங்கி உருசிய மொழியிற் கற்கும் நிலைக்கு உள்ளாயினர். கனடாவிலும் முதற்குடி மக்களின் பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளில் தம் தாய்மொழியைப் பேசியமைக்காகத் தண்டிக்கப்பட்டனர். அதற்காக இந்நாட்டின் பிரதமர் 2008ஆம் ஆண்டு யூன் 11ஆம் நாள் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார்.

1999 ஏப்ரல் முதலாம் நாள் நுனாவுட் ஆட்சிப்பகுதி உருவாயிற்று. 'எங்கள் நிலம்' என்பது அப்பெயரின் பொருள். அங்கு எல்லா வகுப்புகளிலும் இனுயிட் மொழியிற் கல்வி வழங்கப்படும் என்று 2008இல் இயற்றப்பட்ட கல்விச் சட்டம் உறுதியளித்தது. அதற்கென வகுத்த காலக்கெடு 2019ஆம் ஆண்டு. கற்பிக்க ஆசிரியர் போதாமையால் அக்கெடு நிறைவேறவில்லை. 2020இல் சட்டத்தைத் திருத்தி 2039 வரை தள்ளி வைத்தனர். தமக்கென ஒரு நிலமும் சட்டமும் பெற்ற மக்களுக்கே ஆசிரியர் கிடைப்பது இத்துணை அரிதாயின், வாரத்துக்கொரு நாள், இரவல் வகுப்பறையில், தொண்டர்களைக் கொண்டு நடைபெறும் நம் பள்ளிகளின் அருமையை என்னென்பது!

மறுபுறத்தே கிரீன்லாந்தைக் காண்க. அங்கு வாழ்வோர் தொகை ஏறத்தாழ 56,000 மட்டுமே. நம்மவர் இப்பெருநகரில் மட்டும் அதனினும் மிகுதி. எனினும் 2009ஆம் ஆண்டு தன்னாட்சி பெற்றபோது அவர்கள் தம் மொழியையே தனி ஆட்சிமொழியாக்கினர். பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும் அம்மொழியையே பேசுகின்றனர். எண்ணிக்கை ஒரு மொழியைக் காப்பதில்லை, பிள்ளைகளின் நாவே காக்கின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை. ஒரு மொழியின் சில சொற்கள் பிறமொழி அகராதிகளிற் புகழுடன் அமர்ந்திருந்தாலும், வீட்டில் அம்மொழி ஒலிக்காவிடின் அப்புகழ் கல்லறை எழுத்தேயாகும். கட்டுமரத்துக்கும் இது பொருந்தும்.

நாம் செய்யத்தக்கது யாது?

அங்ஙனமாயின் பிறமொழிச் சொற்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவிடலாமா என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். அவர்களது அச்சம் நியாயமானது. பிள்ளைகளின் பேச்சில் ஆங்கிலம் வெள்ளமெனப் புகுவதை நானும் ஒவ்வொரு வாரமும் காண்கின்றேன். ஆயினும் வெள்ளம் எந்த மடை வழியாக வருகிறது என்று அறிந்தே அணை கட்ட வேண்டும்.

நம் முன்னோர் இதில் இருவழிகளையும் கையாண்டனர். முல்லைப்பாட்டில் பாசறையைக் காக்கும் யவனர் அணிந்த அயல்நாட்டுச் சட்டைக்கு 'மெய்ப்பை' என்று பெயர். உடலை இட்டு வைக்கும் பை என்பது பொருள். பிறநாட்டு உடுப்புக்கு நம் சொல்லாலேயே எத்துணை எளிமையாகப் பெயரிட்டனர்! அதே வேளையில், தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை நால்வகையாகப் பகுத்தபோது திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடமளித்தார். பின்னாளில் போர்த்துக்கேயரிடமிருந்து அலமாரி, சாவி, சப்பாத்து, பாண், கதிரை ஆகியவற்றையும், ஒல்லாந்தரிடமிருந்து கந்தோரையும் ஏற்றோம். நான் நடுவராயிருந்த அதே சுற்றில் 'கதிரை' என்று கூறிய பிள்ளைக்கு முழுப்புள்ளி வழங்கினேன். கதிரை போர்த்துக்கேயச் சொல் என்பது என் நினைவுக்கே வரவில்லை.

ஆகவே எனது கருத்து இதுவாகும். நம்மிடம் உயிருள்ள சொல் இருக்குமிடத்தில் அதையே வழங்குவோம். குளிரங்கியின் தலைமூடியைக் குறிக்க 'முக்காடு' என்னும் அழகிய சொல் இருக்கையில் ஆங்கிலச் சொல்லைத் தேடுவானேன்? தென்தமிழகத்துச் சிற்றூர்களில் மழை வந்தால் சாக்கின் ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் மடித்துச் செருகித் தலைமுதல் முதுகுவரை மூடிக்கொள்வர். அதற்குக் 'கொங்காணி' என்று பெயர். முக்காடுள்ள அங்கிக்கு நம் உழவர்கள் தந்த சொல் அது. அதையும் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம், ஒரு சாக்கைக் கொண்டு வந்து மடித்தும் காட்டுவோம். ஆனால் எவர் வாயிலும் வழங்காத 'முக்காட்டு மேலங்கி' என்னும் செயற்கைத் தொடரை விடைத்தாளில் மட்டும் வாழவிட்டு, பிள்ளை அணிந்து வந்த உடுப்பின் பெயரைப் பிழையென்று அடிப்பதால் தமிழ் வளராது.

பார்க்காவைத் திசைச்சொல்லாக ஏற்பதில் இலக்கணத் தடையும் இல்லை. ரகர மெய்யை அடுத்து வல்லினம் இரட்டித்து வருவது 'பார்க்க', 'சேர்க்க' என நமக்கு இயல்பானதே. அனோராக் மட்டும் வல்லின மெய்யில் முடிவதால், ஓர் உகரம் சேர்த்து 'அனோராக்கு' என்றாக்கிக் கொள்ளலாம்.

காக்க வேண்டியவை வினைச்சொற்களும் வேற்றுமை உருபுகளும் வாக்கிய அமைப்புமேயாம். "பார்க்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வா" என்னும் வாக்கியம் முழுத் தமிழ். அதில் ஒரேயொரு விருந்தினர் இருக்கின்றார், வீடு நம்முடையது. "அங்கியை ரிமூவ் பண்ணி ஹாங் பண்ணு" என்பதில் பெயர்ச்சொல் தமிழாயினும் வீடு கைமாறிவிட்டது. பெற்றோரே, உங்கள் இல்லத்தில் ஒலிப்பது இவ்விரண்டில் எது என்று ஒருநாள் காலை, பள்ளிக்குப் புறப்படும் அவசரத்தில், கதவருகே நின்று செவிமடுத்துப் பாருங்கள். கழற்று, மாட்டு, பூட்டு, உதறு, போர்த்து, சுற்று, இழு, செருகு ஆகிய வினைகள் அனைத்தும் அந்த ஐந்து நிமிடங்களில் குளிரங்கி ஒன்றைச் சுற்றியே பழக்கத்தக்கவை. அதற்குப் பாடநூலும் வேண்டா, வகுப்பறையும் வேண்டா.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பனிக்காலத்தில் ஒரு வகுப்பையேனும் இவ்வுடுப்புக்கு ஒதுக்குங்கள். உலகப் படத்தில் யமாலிலிருந்து அலாஸ்கா வழியாக ரொறன்ரோவரை பிள்ளைகள் கோடு வரையட்டும். அருகே நம் கரையிலிருந்து கட்டுமரம் சென்ற வழிக்கும் ஒரு கோடு வரையட்டும். தம் முன்னோர் உலகுக்குத் தந்தவர்கள் மட்டுமல்லர், பெற்றவர்களும் ஆவர் என்பதை அவர்கள் அறியட்டும்.

இறுதியாக, என் தீர்ப்பைத் திருத்த வேண்டிய கடன் எஞ்சியுள்ளது. அன்று மறுக்கப்பட்ட ஒரு புள்ளியை, இம்மலரின் வாயிலாக அச்சிறுமிக்கு வழங்குகின்றேன். தன் ஆசிரியனை அகராதியின் முன் அமரவைத்த கேள்விக்காக மற்றொரு புள்ளியும் அவளுக்குரியது. அடுத்த போட்டியில் அந்தப் படம் மீண்டும் வருமாயின், 'பார்க்கா', 'கொங்காணி', 'முக்காட்டங்கி' ஆகிய மூன்றுள் எதைக் கூறினும் சரியென ஏற்குமாறு விழாக் குழுவினரைப் பணிவுடன் வேண்டுகின்றேன்.